பூட்டு அண்ணனுக்குத் தெரியும்

கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையின் பெரிய சாருக்குப் பத்தொன்பது வருஷம் கார் ஓட்டியவரை எங்கள் தெருவில் பூட்டு என்றுதான் கூப்பிடுவோம். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை கறப்பது அவ்வளவு கஷ்டம். சாரை எங்கே கூட்டிக்கொண்டு போனீர்கள் என்று கேட்டால், "ரோட்டுல" என்பார். சார் யாரோடு பேசிக்கொண்டு வந்தார் என்று கேட்டால், "முன்னாடி பார்த்து ஓட்டுறவனுக்குப் பின்னாடி காது கிடையாது" என்பார். பேக்கிங் பிரிவில் வேலை பார்த்த அவர் மனைவி சொல்வார்: "கல்யாணத்தன்னிக்கு என் பேரைக் கேட்டாரு. அதோட கேள்வி கேக்குற வேலையும் முடிஞ்சுது, பதில் சொல்ற வேலையும் முடிஞ்சுது."

சொல்லிவிட்டுச் சிரிப்பார். அவருக்குப் புருஷனின் வாய்க்கட்டு பெருமையாகத்தான் இருந்தது. எங்களுக்கும் அப்படித்தான்.

பெரிய சார் வந்தபோது தொழிற்சாலையில் ஒரே ஒரு உலை. அதில் வார்த்த பாட்டில்களில் பாதி குமிழி விட்டிருக்கும். அவர் வந்து அதை மூன்று உலையாக்கினார். மருந்துக் கம்பெனிகள் அவருடைய கையெழுத்தைப் பார்த்துத்தான் பாட்டில் வாங்கின. வேறு ஊர்த் தொழிற்சாலைகளில் உலை விரிசல் விட்டால் அவருக்குத்தான் போன் வரும். தீயின் நிறம் என்ன என்று கேட்பார். எந்தப் பக்கத்துச் செங்கல் போய்விட்டது என்று இங்கிருந்தபடியே சொல்லிவிடுவார். ஆயிரத்து இருநூறு பேர் அவரை நம்பி இருந்தோம். நான் அங்கே லாரிகளில் சரக்கு ஏற்றி அனுப்பும் பிரிவில் இருந்தேன். எந்தக் கவலை வந்தாலும், "சார் இருக்காருல்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போவோம்.

ஒரு திங்கட்கிழமை காலை, தொழிற்சாலைக்குப் போகும் வழியில், பின் சீட்டில் உட்கார்ந்து சார் போனில் பேசினார்.

"ஒத்துக்கிட்டேன். அடுத்த மாசம் இருபதாம் தேதி கிளம்புறேன். என்னோட அஞ்சு இன்ஜினியர் வர்றாங்க. ஆர்டரைப் பத்திக் கவலைப்படாதீங்க, நான் இருக்கிற இடத்துக்குத்தான் அது வரும்." அந்தப் பக்கத்திலிருந்து என்னவோ கேட்டார்கள். "இங்கயா? ஒரு வருஷம் தாங்கும். அதுக்கு மேல கஷ்டம்."

பேசி முடித்து, "அந்தத் திருப்பத்துல பள்ளம் இருக்கு, மெதுவாப் போ" என்றார். பூட்டு அண்ணன் மெதுவாகப் போனார்.

யாரிடமும் சொல்லாதே என்று சார் அவரிடம் சொல்லவே இல்லை. அதைப் பின்னால் அவரே என்னிடம் சொன்னார். "சொல்லாதேன்னு சொல்லியிருந்தார்னா ஒருவேளை சொல்லியிருப்பேன். அவர் என்னை ஒரு ஆளாவே நினைக்கல. நான்தான் அதை நம்பிக்கைன்னு நினைச்சுக்கிட்டேன்."

அதற்கு நான்காம் நாள் சாயங்காலம் அவர் மனைவியின் தம்பி வந்தான். இரண்டாம் உலையில் அச்சு மாற்றும் வேலை அவனுக்கு. கெட்டிக்காரன். மகளை அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தான். தூரத்து நகரத்தில் இருக்கும் தண்ணீர்ப் பம்பு கம்பெனி ஒன்றிலிருந்து, மாசக் கடைசிக்குள் வந்து சேரச் சொல்லி அவனுக்குக் கடிதம் வந்திருந்தது.

"மாமா, நாலாவது உலை கட்டப்போறாங்கன்னு உள்ள பேச்சு அடிபடுது. கட்டினா நான்தான் ஃபோர்மேன்னு சொல்றாங்க. நீங்க எப்பவும் சார் கூடவே இருக்கீங்க. ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. போகவா, இருக்கவா?"

அக்காள் சமையலறை வாசலில் ஈரக் கையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பூட்டு அண்ணன் டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்ததாகப் பின்னால் என்னிடம் சொன்னார்.

"உன் இஷ்டம் மாப்ளே."

தம்பி சிரித்துவிட்டான். "அக்கா, கேட்டியா? ஏதாவது கோளாறுன்னா மாமா முகம் இப்படியா இருக்கும்? பூட்டு தொங்குதுன்னா வீடு பத்திரமா இருக்குன்னு அர்த்தம்." அங்கேயே, அவர்கள் எதிரிலேயே, பம்பு கம்பெனிக்குப் போன் போட்டு, மன்னிக்கணும், வர முடியாது என்று சொன்னான்.

பூட்டு அண்ணன் எழுந்து வெளியே போய், காலையில் கழுவிய காரை இன்னொரு தடவை கழுவினார்.

மறுநாள் காரில் அவர் தன்னை மீறி வாயைத் திறந்தார். பத்தொன்பது வருஷத்தில் தானாக அவர் பேச்சைத் தொடங்கியது அநேகமாக அதுதான் முதல் தடவை. "சார், என் மச்சானுக்கு வெளியூர்ல நல்ல வேலை கிடைச்சுது. இங்கயே இருக்கேன்னு வேண்டாம்னு சொல்லிட்டான்."

சார் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நல்லதாப் போச்சு. நம்ம ஆளுங்க நம்மகிட்டயே இருக்கட்டும்" என்றார்.

அறிவிப்பு ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், ஷிப்ட் மாறும் நேரத்தில், வாசல் பலகையில் ஒட்டப்பட்டது. பெரிய சார் இருபதாம் தேதியோடு விலகுகிறார் என்று ஐந்தே வரி. படித்தவர்கள் நகராமல் மறுபடியும் படித்தார்கள். பின்னால் நின்றவர்கள், "என்னய்யா, லீவா?" என்று கேட்டார்கள். யாரோ விளையாடுகிறார்கள் என்று ஒருவர் காகிதத்தைக் கிழிக்கப் போனார். முத்திரையைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார். பேக்கிங் பெண்கள் சிலர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். சரக்கு ஏற்றிய லாரியைக் கதவு சாத்தாமல் அனுப்பிவிட்டேன்.

முதல் இரண்டு நாள் சாரை யாரும் குறை சொல்லவில்லை. அவரை யாரோ துரத்துகிறார்கள், முதலாளிகள்தான் காரணம் என்று பேசினோம். சாயங்காலம் முந்நூறு பேர் அவர் வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்து, அவர் வீட்டில் இல்லை என்றார். அவருடைய ஷூ வாசலில் இருந்தது. அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி, "பரவாயில்லம்மா, அப்புறம் வர்றோம்" என்று திரும்பி வந்தோம். ஒரு வருஷமாவது இருக்கச் சொல்லி மனு எழுதினோம். ஆயிரத்துக்கு மேல் கையெழுத்து. முதல் உலைக்காரர் ஒருவர், ஒன்று போதாது என்று நான்கு இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

அப்புறம் ஐந்து இன்ஜினியர்களும் ஒரே நாளில் வேலையை விட்டார்கள். சாரை யாரும் துரத்தவில்லை, அவரேதான் போகிறார் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. சோதனைக்கூடத்தில் மாட்டியிருந்த சாரின் படத்தை யாரோ கழற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டார்கள். மத்தியானத்துக்குள் வேறு யாரோ எடுத்துத் துடைத்து மறுபடியும் மாட்டிவிட்டார்கள். திட்டவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. அப்படி ஆகிவிட்டோம்.

இருபதாம் தேதி காலை ஒன்பது மணிக்கு சார் விமான நிலையத்துக்குக் கிளம்பினார். தொழிற்சாலை வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். ரோடு முழுக்க நாங்கள் உட்கார்ந்திருந்தோம். கார் வந்து நின்றது.

"ஹாரன் அடி" என்றார் சார்.

பூட்டு அண்ணன் அடிக்கவில்லை.

கூட்டத்திலிருந்து எக்ஸ்ரே அக்கா எழுந்து காரிடம் போனார். விளக்கு வெளிச்சத்தில் பாட்டில்களைப் பார்த்துக் கீறல் கண்டுபிடிப்பது அவர் வேலை. முப்பது வருஷமாக அவர் கண்ணுக்குத் தப்பிய கீறல் இல்லை. அதனால் அந்தப் பெயர். அவர் டிரைவர் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினார்.

"இறக்காதே" என்றார் சார்.

பூட்டு அண்ணன் கண்ணாடியை முழுசாக இறக்கினார்.

"தம்பி, உனக்கு இது முன்னாடியே தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருந்தால் யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டோம். கூட்டத்தில் அவர் மனைவியும் மச்சானும் இருந்தார்கள்.

"தெரியும்க்கா."

"எத்தனை நாளா?"

"நாலு வாரமா."

அக்கா திட்டவில்லை. பின் சீட்டை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "எழுந்திருங்க. உட்கார வேண்டாம். கெஞ்சி நிறுத்தி வச்சா இவர் உலையைப் பார்ப்பாரா, வாசலைப் பார்ப்பாரா? போகட்டும்."

ஒவ்வொருவராக எழுந்தோம். மச்சான் மட்டும் எழவில்லை. கார் நகரப் போனதும் எழுந்து வந்து, முன்னால் நின்று, இரண்டு கையையும் பானட்டின்மேல் ஊன்றிக்கொண்டான். சாரை அவன் பார்க்கவே இல்லை. கண்ணாடி வழியாக டிரைவரைத்தான் பார்த்தான். "மாமா" என்றான். அவ்வளவுதான். இரண்டு பேர் தோளைப் பிடித்து அவனை ஓரமாக அழைத்துப் போனார்கள்.

விமான நிலைய வாசலில் பெட்டிகளை இறக்கி வைத்தபோது சார், "நீயும் வந்துடு. அங்க எனக்கு டிரைவர் வேணும். குடும்பத்தோட இருக்க வீடு தருவாங்க" என்றார்.

"என் மச்சானை எடுத்துக்குங்க சார். உலை வேலை எல்லாம் அத்துப்படி."

"அங்க எல்லாம் மெஷின். ஆள் தேவைப்படாது."

பூட்டு அண்ணன் பெட்டிகளைத் தள்ளுவண்டியில் அடுக்கினார். அடுக்கிக்கொண்டே, "நீங்க போறது எனக்குத் தெரியும் சார். தெரிஞ்சும் நான் யார்கிட்டயும் சொல்லல" என்றார்.

சார் அவரை வேடிக்கையாகப் பார்த்தார். "அது எனக்குத் தெரியாதா? அதனாலதானே உன்னைக் கூப்பிடுறேன்."

பூட்டு அண்ணன் கும்பிடவில்லை. காரைக் கொண்டுவந்து ஆபீசில் விட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு நடந்து வீட்டுக்கு வந்தார். மனைவி வாசலிலேயே நின்றிருந்தார்.

"நடுரோட்டுல எக்ஸ்ரே அக்கா கேட்டா வாயைத் திறக்கத் தெரியுது. என் தம்பி வீட்டுக்குள்ள வந்து கேட்டான். அவன்கிட்ட சொல்லல. எங்கிட்டயும் சொல்லல."

அன்றிலிருந்து அவர் புருஷனோடு பேசவில்லை. சாப்பாட்டைத் தட்டில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொள்வார். பேசாத ஆள் என்று ஊரெல்லாம் பெயர் வாங்கியவருக்கு, பேச்சில்லாத வீடு எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

சார் சொன்ன கணக்குக்கூடத் தப்பிப் போயிற்று. ஒரு வருஷம் தாங்கவில்லை. மருந்துக் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்தன. நாலாம் மாசம் மூன்றாம் உலையை வடித்தார்கள். ஏழாம் மாசம் இரண்டாவது. வடிப்பது என்றால் அடிப்பக்கத்தைத் திறந்து, உருகிய கண்ணாடியை எல்லாம் தண்ணீர்த் தொட்டிக்குள் ஓடவிட்டுத் தீயை அணைப்பது. அப்படி ஒரு தடவை அணைத்தால் அந்த உலை போனது போனதுதான். தெருவில் எந்நேரமும் உலைகளின் உறுமல் கேட்டுக்கொண்டே இருக்கும். அது பாதியாகக் குறைந்ததும் பிள்ளைகள் மெதுவாகப் பேசத் தொடங்கினார்கள். ஏன் என்று அவர்களுக்கே தெரியாது.

மச்சான் பம்பு கம்பெனிக்கு மறுபடியும் போன் செய்தான். ஆள் எடுத்தாயிற்று என்றார்கள். மூன்று தடவை கேட்டான். கடைசியில் ஒரு நகரத்துக் கிடங்கில் மூட்டை ஏற்றும் வேலைக்குக் குடும்பத்தோடு கிளம்பினான். அவர்கள் போன அன்று பூட்டு அண்ணன் பஸ் நிலையத்துக்கு வந்தார். யாரும் கூப்பிடவில்லை. தகரப் பெட்டியைத் தூக்கப் போனார்.

"விடுங்க மாமா. நான் தூக்கிக்கிறேன்."

"கனமா இருக்கு மாப்ளே."

"இனிமே அதுதானே வேலை. பழகட்டும்."

சின்னப் பெண் ஜன்னல் வழியாகக் கை ஆட்டினாள். அவள் அம்மா அந்தக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள். பஸ் போன பிறகும் அவர் அதே இடத்தில் நின்றிருந்தார். வழியனுப்ப வந்திருந்த நான்தான் தோளைத் தொட்டு அழைத்து வந்தேன். வழியில்தான் இவ்வளவையும் சொன்னார். நான் எதுவும் கேட்கவில்லை; தானாகவே சொன்னார்.

புது மேனேஜருக்குச் சொந்தக் கார் இருந்தது. பூட்டு அண்ணனுக்குத் தண்ணீர் லாரி ஓட்டும் வேலை கிடைத்தது. தொழிற்சாலைக்குள் தண்ணீர் இறக்கும்போது ஆபீஸ் ஜன்னலுக்குக் கீழேதான் லாரி நிற்கும். போன மாசம், மத்தியானம் மூன்று மணிக்கு, உள்ளே இரண்டு பேர் பேசியது அவர் காதில் விழுந்தது. முதல் உலையையும் வடிக்கப்போகிறார்கள். தேதியும் குறித்தாயிற்று.

குழாயை மூடக்கூட மறந்து, நனைந்த பேண்ட்டோடு அவர் தெருவுக்கு வந்தார். ஒவ்வொரு வீடாகத் தட்டினார். என் வீட்டையும் தட்டினார். "பதினாலாம் தேதி உலையை வடிக்கிறாங்க. என் காதால கேட்டேன். வேற வழி பார்த்துக்குங்க." மூச்சு வாங்கியது. எதிர்வீட்டுக்காரர், "இப்ப மட்டும் வாய் எங்கிருந்துய்யா வந்துது?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினார். ஒரு வீட்டில் பெண்கள் அழ ஆரம்பித்தார்கள். எக்ஸ்ரே அக்கா முழுசாகக் கேட்டுக்கொண்டு, சரி என்று தலையை ஆட்டினார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

எல்லா வீட்டுக்கும் சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்கு வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். மனைவி உள்ளேயிருந்து வந்து நின்றார். பதினோரு மாசம் கழித்துப் பேசினார்.

"கோடி வீட்டுக்குச் சொன்னீங்களா?"

"அந்த வீட்டுல யாரும் உலை வேலைக்குப் போறதில்லையே."

"அவங்க பொண்ணு போன வாரம்தான் பேக்கிங்ல சேர்ந்திருக்கா. பழைய கடை வேலையை இன்னும் முழுசா விடல. இன்னிக்குச் சொன்னா திரும்பப் போயிடுவா."

அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு கோடி வீட்டுக்கு நடந்தார்.