எண்ணெய்க்கும் சீயக்காய்க்கும் நடுவில் ஒரு நீச்சல்குளம்

போன சனிக்கிழமை எங்கள் செம்பூர் அடுக்குமாடி சொசைட்டியின் நீச்சல்குளத்தில் விசில் ஒன்று நீளமாக ஒலித்தது. யார் மாட்டிக்கொண்டார்களோ என்று எல்லோரையும் போல நானும் திரும்பிப் பார்த்தேன். மாட்டியது என் விருந்தாளி. வயது ஐந்து.

முதலில் இருந்து சொல்கிறேன்.

மே மாதம் வந்தால் மும்பைத் தமிழர்களில் பாதிப் பேர் திருநெல்வேலிப் பக்கம் ரயிலேறிவிடுவார்கள். இந்த வருடம் எங்கள் டிக்கெட் கடைசிவரை வெயிட்டிங் லிஸ்ட்டை விட்டு நகரவில்லை. ஆறு வயது மகள், நான்கு சுவர்கள், ஒரு டிவி... எத்தனை நாள் தாங்கும்? உங்களுக்குத்தான் தெரியுமே, நான் லிஸ்ட் போடாமல் பல்கூட விளக்க மாட்டேன். சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை தந்த வியாதி. லீவுக்கும் போட்டேன். அதில் மீராவின் கண் நேராகப் போய் நின்ற இடம் — நீச்சல்குளம்.

அதற்கும் ஆபத்து வந்தது. தண்ணீர் வெட்டு காரணமாக ஞாயிறு முதல் மழை வரும்வரை குளம் மூடப்படும் என்று லிஃப்ட்டில் ஒட்டிவிட்டார்கள். ஆக, சனிக்கிழமைதான் கடைசி. குழந்தைகளுக்கு ஐந்து மணிவரை. பிறகு லேடீஸ் பேட்ச்.

தாராவியில் இருக்கும் என் மதினிக்கு, அதாவது அண்ணன் மனைவிக்கு, போன் செய்து, மகனைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன். மகன் ஹரிஷ் போனைப் பிடுங்கிக்கொண்டான்.

"அத்த, நான் தண்ணி டிரம்முல மூஞ்சிய முக்கிப் பழகிட்டேன். அங்கன வந்து முழுசா முங்குவேன். நீ பாக்கணும்."

"பாக்குறேன்டா."

"ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ்."

சனிக்கிழமை அவர்கள் வந்து சேர்ந்த நேரத்தில் எனக்கு ஆபீஸ் கால். (சனிக்கிழமையுமா என்று கேட்காதீர்கள்.) மதினிதான் இரண்டு குழந்தைகளையும் தயார் செய்தார். நான் அறையை விட்டு வெளியே வந்தபோது நைலான் காஸ்ட்யூம், ரப்பர் தொப்பி எல்லாம் மாட்டிக்கொண்டு இருவரும் பளபளவென்று நின்றார்கள். வெயில்தான் பளபளக்கிறது என்று நினைத்தேன். டெஸ்டிங் துறையில் இதற்குப் பெயர் அலட்சியம்.

ஹரிஷ் படியில் இறங்கினான். இடுப்புவரை தண்ணீர். அவனைச் சுற்றி வானவில் நிறத்தில் ஒரு வட்டம் மெதுவாக விரிந்தது.

அப்போதுதான் அந்த விசில்.

"மேடம், தேல் ஹை! பூரா பானி மே தேல்!" லைஃப்கார்டு தண்ணீரைக் காட்டினார். எண்ணெய்!

"மதினி... எண்ணெய் வச்சீங்களா?"

"வைக்காம? சனிக்கிழமைல்லா! பிள்ளைய குளத்துல எறக்குதோம், எண்ண தேய்க்காமலா எறக்குவாவ? உச்சந்தலையில இருந்து உள்ளங்கால் வரைக்கும் தேச்சிருக்கேன். மீராவுக்கும்தான். மொத எண்ண. பெறவு தண்ணியில நல்லா ஊறட்டும். பெறவு வீட்டுல போயி சீயக்காய். சரிதான?"

பையைத் திறந்து சீயக்காய்ப் பொட்டலத்தையும் காட்டினார்.

யோசித்துப் பாருங்கள். என் திட்டத்தில் நீச்சல்குளம்தான் திருவிழா. மதினியின் திட்டத்தில் அது எண்ணெய்க்கும் சீயக்காய்க்கும் நடுவில் வருகிற ஊறவைக்கும் கட்டம். லாஜிக்கில் ஒரு பிழை இல்லை. ஊறுகிற இடம் சொசைட்டியின் மூன்று விங் கட்டடங்களுக்கும் பொது, அவ்வளவுதான்.

நாற்காலியில் இருந்த பி விங் ஆன்ட்டி என்னைப் பார்த்தார். "யுவர் கெஸ்ட்ஸ், நா?"

மதினிக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் அந்த 'நா'வில் இருந்த இளப்பம் புரிந்துவிட்டது. முகம் சுருங்கித் துண்டை எடுத்தார்.

"ஏலே ஹரிஷு, மேல வா. போவோம்."

"நான் இன்னும் முங்கலையே, அம்மா."

அவன் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மீரா அப்போது மறுகோடியில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். அவள் மேலும் அதே எண்ணெய். யாரும் கவனிக்கவில்லை. நான் வாயைத் திறக்காவிட்டால் அவளாவது ஐந்து மணிவரை விளையாடலாம்... நான் திறக்கவில்லை. அவள் திறந்தாள்.

"அங்கிள்! மேரே கோ பி தேல் லகாயா!"

தனக்கும் எண்ணெய் தேய்த்திருப்பதை, மெடல் வாங்கியதைப் போல அறிவித்தாள். ஹரிஷை மட்டும் வெளியே அனுப்பி, என் மகளை மிதக்கவிடும் யோசனை அத்தோடு முடிந்தது.

"நஹ்லா கே லாவோ, மேடம். பாஞ்ச் பஜே தக்." குளிப்பாட்டிக் கொண்டுவந்தால் ஐந்து மணிவரை விடுவாராம்.

ஷவர் அறைக்கு ஓடினோம். மதினி சீயக்காயைக் குழைத்தார்.

"கண்ணு எரியுதும்மா!"

"எரியட்டும். கண்ண மூடுல."

"அத்த, எனக்கும் எரியுது!" இது மீரா.

நான் கதவுக்கும் கடிகாரத்துக்கும் நடந்துகொண்டிருந்தேன். "சீக்கிரம் மதினி, சீக்கிரம்..."

"ஏட்டி கோமு, காஞ்ச சட்டியில விழுந்த கடுகு மாதி துள்ளாத. வந்து தண்ணிய ஊத்து."

ஊற்றினேன். தண்ணீர்ப் பஞ்சத்தில் மூடப்போகிற குளத்துக்காக எவ்வளவு ஊற்றினோம் என்பதை இங்கே எழுதாமல் விடுகிறேன். ஹரிஷின் கையை விரலால் தேய்த்துப் பார்த்தேன். வழுக்கவில்லை. டெஸ்ட் பாஸ்.

திரும்பி வந்தபோது லேடீஸ் பேட்ச் படியோரம் கூடத் தொடங்கியிருந்தது. ஆன்ட்டி தொப்பி மாட்டிக்கொண்டிருந்தார். குழந்தைகள் இறங்கினார்கள். நான் கரையில் நின்று கடிகாரத்தைப் பார்த்தேன், லைஃப்கார்டின் கையைப் பார்த்தேன், ஆன்ட்டியின் முகத்தைப் பார்த்தேன், தண்ணீரின் மேல் மறுபடி வானவில் வருகிறதா என்று பார்த்தேன்.

ஐந்து மணி. லைஃப்கார்டு விசில் ஊதிவிட்டார்.

"அத்த! பாத்தியா? முங்கிட்டேன்!" ஹரிஷின் மூக்கில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"பாத்தேன்டா. சூப்பர்!"

"பொய். நீ கடியாரத்தப் பாத்துக்கிட்டு நின்ன."

"நான் பாத்தேம்ல," என்றார் மதினி.

"நீ பாத்தா செல்லாது. அத்தல்லா ப்ராமிஸ் பண்ணிச்சு."

லீவில் குழந்தைகளுக்காக எவ்வளவு ஓடுகிறோம்! கூட்டிப்போகிறோம், டிக்கெட் எடுக்கிறோம், படம்கூட எடுத்துத் தள்ளுகிறோம். அவர்கள் கேட்பது 'பார்' என்ற ஒற்றைச் சொல். நம் லிஸ்ட்டில் இடமில்லாமல் போவதும் அதற்குத்தான்.

விசில் மறுபடி. ஆன்ட்டி முதல் படியில் கால் வைத்துவிட்டார்.

இந்த சொசைட்டியில் நான் மெதுவாக, இங்கிலீஷில் பேசுகிற பெண். வாட்ச்மேனுக்குக்கூட என் குரல் சரியாகக் கேட்காது. அன்று தாராவியில் வளர்ந்த தொண்டை தானாகத் திறந்துகொண்டது.

"ஏலே ஹரிஷு, முங்குல! எவன் விசில் அடிச்சாலும் சரி, நான் பாக்கேன், நீ முங்கு!"

மூக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனான். தலைக்கு மேல் தண்ணீர் மூடியது. குமிழிகள் வந்தன. பிறகு, கண்ணை இறுக்கி மூடியபடி, வாய் நிறையச் சிரிப்போடு அவன்.

நேற்று கமிட்டியில் இருந்து எனக்குக் கடிதம் வந்திருக்கிறது. விசில் ஊதிய பிறகும் உங்கள் விருந்தாளி தண்ணீருக்குள் இருந்தது உண்மையா என்று கேட்கிறார்கள்.

உண்மைதான். நானே கண்ணால் பார்த்தேன்.