ஆச்சாக் கட்டையில் ஒரு பேரிங்

அணையில் தண்ணீர் தேங்கிய முதல் வருஷம், ஆழம் அளப்பதற்காக ஒரு பாய்மரப் படகை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். கிருஷ்ணகிரிப் பக்கத்தில் பரிசலைத் தவிர வேறெதுவும் மிதந்து யாரும் பார்த்ததில்லை. காற்று இருந்தால் பாய். இல்லாவிட்டால் சிறிய எஞ்சின். அதிலிருந்து ஒரு தண்டு, தண்டின் முனையில் தண்ணீரைத் தள்ளும் விசிறி. இயந்திரவியலில் டிப்ளமோ முடித்து அணைப் பட்டறையில் சேர்ந்திருந்த என்னிடம் அந்த எஞ்சின் பொறுப்பு வந்தது. வேறு யாரும் கேட்காததால் வந்தது.

சில மாதங்களில் படகு உதறத் தொடங்கியது. எஞ்சினைப் போட்டதும் பின்பலகை கிடுகிடுக்கும். அங்கே சாய்த்து வைத்த உதவிப் பொறியாளரின் குடை அவர் காலிலேயே விழுந்தது.

“திங்கக்கிழமை லாரி வருது. படகு மெட்ராஸ் போகட்டும். நீயும் டிராயிங் செக்‌ஷனுக்குப் போயிடும்மா. நிழல்ல உக்காந்து கோடு போடலாம்.”

“அதுக்குள்ள ஓடிடுச்சுன்னா, சார்?”

“ஓடட்டும், பாக்கலாம்” என்று சிரித்தார். அன்று மாலையே என் முக்காலியை டிராயிங் செக்‌ஷனுக்குத் தூக்கிப் போய்விட்டார்கள்.

படகைக் கரையேற்றிக் கட்டைகள் மேல் நிறுத்தினோம். கழற்றும் வரிசையிலேயே எல்லாவற்றையும் ஒரு கோணிமேல் அடுக்கினேன்: பூட்டுப் பின், நட்டு, வாஷர். விசிறி மட்டும் அசையவில்லை. படகோட்டி சம்மட்டியோடு வந்தார். மாட்டுவண்டி ஓட்டியவர், நிலம் அணைக்குள் போனதால் இந்த வேலை கொடுத்திருந்தார்கள்.

“ஒரு போடு போட்டா வந்துரும், வுடும்மா.”

“ரெக்கை வளைஞ்சா யாருண்ணா நிமித்தறது?”

இரண்டு இரும்புப் பட்டைகளில் துளை போட்டு, போல்ட்டுகளால் கோத்து, விசிறியைப் பின்னாலிருந்து இழுத்து முறுக்கினேன். ‘டப்’பென்று விட்டுக்கொடுத்தது. தண்டையும் உருவினேன். தண்டு சுழலும் மரக் குழல்தான் அதன் பேரிங். உள்ளே தண்ணீர் ஓட வெட்டியிருந்த காடிகள் முழுவதும் கறுப்புக் களிம்பு. முகர்ந்தேன். விளக்கெண்ணெயும் வைக்கோல் கரியும்: அசல் வண்டி மை.

“யாருண்ணா இதைப் போட்டது?”

“நாந்தான். தெனம் காலைல வெப்பன். அச்சு காஞ்சா வண்டி அழுவும்மா.”

“இதுக்கு மசகே தண்ணிதான். அது போற வழியையெல்லாம் அடைச்சுட்டீங்க.”

“அட கடவுளே! வெளக்கெண்ண எங்க போச்சுன்னு வூட்டுக்காரி என்னியத் திட்டிக்கினு கெடக்கறா.”

மையில் ஒட்டிய வண்டல் மரத்தை அரைத்து, தண்டு ஆடும் அளவுக்குத் துளையைப் பெரிதாக்கியிருந்தது. புதுக் குழல் மெட்ராஸில்தான் கிடைக்கும். அங்கே கேட்டு எழுதினால் திங்கட்கிழமை தாண்டிவிடும். தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவுக்குக் கனமான மரம் இங்கேயே இருக்கிறதே என்று தோன்றியது. படகோட்டி தன் பழைய வண்டியிலிருந்து ஓர் ஆச்சாக் கட்டையைக் கொண்டுவந்தார். அதைத் தொட்டியில் ஊறப்போட்டேன். காய்ந்த மரத்தில் துளை போட்டால், பிறகு நீரில் ஊதித் தண்டைக் கவ்விக்கொள்ளும்.

“என்னாம்மா, சுண்டலுக்கா?” என்றார் லேத்துக்காரர்.

“ஆமாண்ணா, உங்களுக்கும் ஒரு கை வெக்கறேன்.”

நன்றாக ஊறியபின் நானே லேத்தில் ஏற்றிக் கடைந்தேன், காடி வெட்டினேன், பொருத்தினேன்.

திங்கட்கிழமை படகைத் தண்ணீரில் இறக்கினோம். உதவிப் பொறியாளர் குடையோடு வந்து ஏறினார். படகுக்குள் தெரிந்த தண்டைக் குனிந்து பார்த்தார்.

“மசகே காணோமே. யோவ், கொஞ்சம் வைய்யா.”

படகோட்டி மை டப்பாவோடு என்னைப் பார்த்தார்.

“வெக்கக் கூடாது, சார்” என்றேன்.

“எனக்கே சொல்றியா?”

“ஆமாம், சார். வெச்சா மறுபடி உதறும்.”

அவர் வாய் திறப்பதற்குள் எஞ்சினைக் கிளப்பினேன். எதிர்க்கரை வரை போய்த் திரும்பினோம். பின்பலகையில் சாய்ந்திருந்த குடை சரியவே இல்லை. அவர் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கரையில் லாரி நின்றது. “எத சார் ஏத்தணும்?” என்றார் டிரைவர்.

“ஒண்ணுமில்ல. கெளம்பு.”

என்னைப் பற்றி அவர் ஏதாவது சொல்வார் என்று நான் காத்திருக்கவில்லை. டிராயிங் செக்‌ஷனுக்குப் போய் என் முக்காலியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். அங்கிருந்து பட்டறைக்கு நேர்வழி இருக்கிறது. அவர் அறைவாசல் வழியாகப் போவது சுற்று. அந்த வழியாகத்தான் போனேன்.