உடற்கூறு கூடத்தில் குளியலறை தேடிப் போனது

1955 ஜூன் மாதம் என் மூத்த மகள் கோமதிக்கு மதுரையில் டாக்டர் படிப்புக்கு இடம் கிடைத்தது. திங்கட்கிழமைக்குள் சேர்த்தாக வேண்டும். என் மனைவி ஒரே பிடியாக நின்றாள்.

"பிணத்தைத் தொட்டுட்டு பிள்ளை எங்கன குளிப்பா? பாத்துட்டு வந்து சொல்லுங்க. இல்லேன்னா அனுப்ப மாட்டேன்."

எங்களுடையது கோயில் காரியம் பார்க்கும் குடும்பம். தீட்டு விஷயத்தில் அவளை ஜெயிக்க முடியாது. சனிக்கிழமை நான் தனியாகக் கிளம்பினேன். மகளைப் படிக்க அனுப்ப நினைக்கும் தகப்பன்மாருக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சங்கரன்கோவிலில் காலை ஐந்து நாற்பதுக்கு ரயில். எழுபத்தைந்து மைல் இருக்கும். மூன்றாம் வகுப்பு ஒரு ரூபாய் பதினைந்து அணா. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ராஜபாளையத்தில் சும்மாவே இறங்கி ஏறினேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் வாங்கிய காபியைக் குடிக்காமலே வைத்துவிட்டேன். விருதுநகரில் வண்டி மாற நாற்பது நிமிஷம்; பிளாட்பாரத்தை எத்தனை முறை அளந்தேனோ! மதுரையில் இறங்கும்போது பத்தே கால். குதிரை வண்டிக்காரர் எட்டணா கேட்டார். பேரம் பேசக்கூடத் தோன்றவில்லை.

கல்லூரியில் பிணத்தை அறுத்துப் பாடம் படிக்கும் உடற்கூறு கூடம் புத்தம் புதிது. சுவரெல்லாம் வெள்ளை ஓடு, தலைக்கு மேலே அகலமான கண்ணாடி ஜன்னல்கள், தகடு போர்த்திய நீள மேசைகள், மேசைக்கு மேசை விளக்கு. மருந்து வாடை கண்ணைக் கரித்தது. கூடத்து ஊழியர் என் பேச்சைக் கேட்டதுமே சிரித்தார்.

"அண்ணாச்சிக்கு சங்கரன்கோவில் பக்கமா? நான் கடையநல்லூரு. வாங்க, காட்டுதேன்."

பெண்களுக்குத் தனிக் குளியலறை இருந்தது. குழாயைத் திறந்து பார்த்தேன்; தண்ணீர் கொட்டியது. வந்த வேலை முடிந்தது என்று திரும்பினேன். கடைசி மேசையில் ஈரத்துணிக்கு வெளியே ஒரு கால் தெரிந்தது. குதிகால் முழுக்கப் பித்தவெடிப்பு. காலமெல்லாம் வயலில் நடந்த கால்.

"ஆஸ்பத்திரில செத்தவரு. ஊரு தெரியல, தேடி ஆளும் வரல. பிள்ளைங்க படிச்சு முடிச்சதும் நாங்கதான் அடக்கம் பண்ணுவோம்" என்றார் அவர்.

எனக்குப் பயம் வரவில்லை. குழாய் பார்க்க வந்தேனே என்று வெட்கமாக இருந்தது.

கூடத்தைப் பார்க்கப் போகிறவர்கள் பகல் பன்னிரண்டு மணிக்குள் போய்விடுங்கள். அதற்குப் பின் பூட்டிவிடுகிறார்கள். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். தகப்பன் மட்டும் போகாமல் பிள்ளையையும் அழைத்துப் போவது நல்லது. நான் அதைச் செய்யவில்லை.

மதுரையில் தங்கி ஞாயிறு மதியம் வீடு வந்தேன். கொல்லையில் குளித்த பிறகுதான் மனைவி உள்ளே விட்டாள். குளியலறை, குழாய் எல்லாம் சொன்னேன். ஊர் தெரியாத அந்த மனிதரின் வெடித்த காலைப் பற்றியும் சொன்னேன். கோமதி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவரைத் தேடி ஒருத்தரும் வரலையா?" என்றாள் கோமதி.

"வரலை."

என் மனைவி சொன்னாள்:

"நாளைக்குக் காலை வண்டிக்கே கூட்டிட்டுப் போங்க. அந்த மனுஷன் பக்கத்துல நம்ம பிள்ளையாவது நிக்கட்டும்."