ஜெசிந்தா அக்காவின் நாற்றங்கால்

அம்மா அன்று காலை உலையில் ஒரு டம்ளர் அரிசி குறைத்துப் போட்டார். அதைத்தான் நான் முதலில் கவனித்தேன். ஜெசிந்தா அக்கா லீவு முடிந்து மலைக்குத் திரும்பும் நாள் அது. அவருக்கும் சேர்த்துத்தான் வடிக்க வேண்டும். மறந்துவிட்டாயா என்று கேட்டேன். அம்மா அடுப்பைப் பார்த்தபடியே, "இனி அவிங்களுக்குச் சோறு வேண்டாம் சாமி," என்றார். ராசிபுரத்தில் தம் வீட்டிலேயே நெஞ்சு வலித்து இறந்துவிட்டாராம். முதல் பஸ்ஸில் வந்த டிரைவர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அக்கா எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்பவர். சோளக்காட்டில் உள்ள எங்கள் மெஸ்ஸில்தான் அவருக்குச் சாப்பாடு. நான் எட்டாவதோடு நின்றவள். சாயங்காலம் அவருடைய குவார்ட்டர்ஸுக்குக் கேரியர் கொண்டுபோவது என் வேலை.

நிலையத்தில் அவர் படத்துக்கு மாலை போட்டுக் கூடினார்கள். வலி தெரியாமல் ஊசி குத்துவார், யாரையும் கடிந்து பேசமாட்டார் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். என்னையும் பேசச் சொன்னார்கள். எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் சொன்னதெல்லாம் உண்மைதான். ஆனால் பேஸ்பாலைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. யாருக்குமே தெரியாதா, அல்லது மாலை போட்ட படத்துக்கு முன்னால் அதைச் சொல்லக்கூடாதா, எனக்குப் புரியவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

பேஸ்பால் என்பது கட்டையால் பந்தை அடித்துவிட்டு நான்கு மூலை சுற்றி ஓடும் ஆட்டம். அக்காவும் அதை நேரில் பார்த்ததில்லை. அவர் லேப்டாப்பில் இருந்த விளையாட்டில் கையால் எதையும் ஆடவேண்டியதில்லை. அணிகளை அமைத்துவிட்டு 'அடுத்த நாள்' என்பதை அமுக்கினால் கம்ப்யூட்டரே ஆட்டங்களை நடத்தி, யார் ஜெயித்தார்கள் என்று சொல்லும். ஆட்டக்காரர்களுக்கு வயதாகும், ஓய்வும் பெறுவார்கள்.

ஒருநாள் வாசலில் கேரியரை வைத்துவிட்டுத் திரும்பியவளை, "உள்ள வா கண்ணு, எனக்குக் கொஞ்சம் பேரு வேணும்," என்று கூப்பிட்டார். அவருடைய லீக்கில் பழையவர்கள் ஓய்வு பெற்றால் கம்ப்யூட்டர் புதிய ஆட்களைத் தானே உண்டாக்கிவிடுமாம். "எங்கிருந்தோ வந்து குதிக்கறாங்க. எந்த ஊரு, எங்க ஆடுனாங்கன்னு ஒண்ணுமே இல்ல," என்றார். அதனால் பெரிய லீக்குக்குக் கீழே பள்ளிக்கூட அணிகளை உருவாக்கிக்கொண்டிருந்தார். அங்கே படிப்பு வயது முடிந்தவர்களிலிருந்து ஆண்டுக்கொரு முறை பெரிய அணிகள் ஆள் எடுக்கும்.

"நாத்தங்காலு மாதிரிங்களா அக்கா?" என்று கேட்டேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கீழ் லீக்குக்கு அந்தப் பெயரையே வைத்தார்.

எங்கள் மலையின் ஊர்ப் பிரிவுகளான திண்ணனூர் நாடு, அரியூர் நாடு என்ற பெயர்களிலேயே அணிகள் வந்தன. நான் பெயர்கள் சொல்லச் சொல்ல அவர் தட்டினார். பெண் பெயர்களும் சொல்லலாமா என்று தயங்கினேன். "அடிக்கறது ஆணா பொண்ணான்னு பந்துக்குத் தெரியுமா?" என்றார்.

பள்ளிக்கூடம் எந்த வயதில் முடியும் என்று கம்ப்யூட்டர் கேட்டது. அக்கா என்னைக் கேட்டார். எங்கள் பக்கம் பிள்ளைகள் பெரும்பாலும் படிப்பை நிறுத்தும் வயதைத்தான் சொன்னேன், பதினைந்து. அவரும் யோசிக்காமல் போட்டுவிட்டார். விளையாட்டில் அந்த ஆண்டு பெரிய அணிகளுக்குப் பதினைந்து வயதுப் பிள்ளைகள் போனார்கள். ஒருவராலும் ஒரு பந்தைத் தொட முடியவில்லை. அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தார். "போயும் போயும் உன்னையக் கேட்டேன் பாரு. எளநாத்தப் புடுங்கி நட்டுட்டமே கண்ணு," என்றார். நானும் சிரித்தேன். பிறகு அவர் சிரிப்பை நிறுத்தி, பதினெட்டு என்று மாற்றினார். விளையாட்டாகத்தான் சொன்னார். இருந்தாலும் அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு என்னவோ போலிருந்தது.

அந்தப் பதினெட்டு வயதுக்காரர்களைப் பெரிய அணிகள் தேர்ந்தெடுக்கும் நாள், அவர் லீவில் போவதற்கு முந்தின சாயங்காலம் வந்தது. எந்த அணியும் எடுக்காமல் தேறாதவர்கள் எங்கே போவார்கள் என்று கேட்டேன். அக்கா தேடிப் பார்த்தார். எங்கும் போகமாட்டார்கள், கம்ப்யூட்டர் அவர்களை நீக்கிவிடும்.

"இது எனக்குத் தோணவே இல்ல கண்ணு. ஊருக்குப் போயிட்டு வந்து ஒரு வழி பண்ணலாம். அதுவரைக்கும் யாரும் எங்கயும் போகவேண்டாம்," என்று சொல்லி, 'அடுத்த நாள்' அமுக்காமலே மூடிவைத்தார். அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்ய அவருடைய அண்ணன் வந்தார். அம்மா என்னைச் சாப்பாட்டோடு அனுப்பினார். அண்ணன் அக்காவின் லேப்டாப்பைத் திறந்து, இதெல்லாம் என்ன என்று கேட்டார். தெரியாதவர்களிடம் நான் பேசமாட்டேன். அன்று எப்படியோ சொல்லிவிட்டேன். தங்கை இத்தனை நாளும் ஆஸ்பத்திரிக் கணக்கு எழுதுவதாக நினைத்திருந்தாராம்.

"ஏனுங்க, இதைய நான் கொஞ்சம் பாக்கட்டுங்களா?"

"பஸ்ஸு வர்ற வரைக்கும் பாத்துக்க கண்ணு. ஊருக்குப் போனா எம் பொண்ணு எல்லாத்தையும் அழிச்சுட்டு, காலேஜுக்கு எடுத்துக்குவா."

எப்படியும் அழியப்போவதை எதற்குச் செய்ய வேண்டும்? அக்காவுக்காகவா, அந்தப் பிள்ளைகளுக்காகவா, எனக்காகவா? அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. போயிட்டு வாங்க அக்கா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். பிறகு அக்கா செய்ய நான் பார்த்திருந்த மாதிரியே, தேறாதவர்கள் போய் ஆட இன்னொரு லீக்கை உருவாக்கினேன். கம்ப்யூட்டர் வயது வரம்பு கேட்டது. அந்த இடத்தைக் காலியாக விட்டேன். 'அடுத்த நாள்' அமுக்கினேன்.