கெம்பம்மாவின் குத்துக்கற்கள்

என் அக்கா கெம்பம்மா வாழ்நாளில் ஒரே ஒரு பெரிய பொய்தான் சொன்னாள். ஊரே அதை நம்பியது. பொய் என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர்: அவள் கணவர் நாராயணப்பனும் நானும்.

குருபரப்பள்ளிக்கு வடக்கே, அவர்களுடைய மேட்டுப் புஞ்சையை ஒட்டிய பாறைக் கரட்டில் உண்ணிமுள் மண்டிக் கிடந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றில் அடுப்புக்காக அதை வெட்டிக்கொண்டே போன அக்காவுக்கு ஆள் உயரக் குத்துக்கல் ஒன்று தென்பட்டது. நாலு நாள் வெட்டியதும் வட்டமாக ஒன்பது கற்கள். எல்லாவற்றுக்கும் வழவழப்பான முகம் உட்பக்கம். அசையாமலிருக்க அடியில் சிறு கற்களை இறுக்கி அடைத்திருந்தார்கள். நடுவில் ஒரு பலகைக்கல் புதைந்திருந்தது.

விடுமுறைக்கு வந்த என்னைக் கூட்டிப்போய்க் காட்டினாள். இறந்தவர்களுக்காக நட்டது, ரெண்டாயிரம் வருஷம்கூட இருக்கலாம் என்று கல்லூரியில் கேட்டதைச் சொன்னேன்.

"அப்போ உள்ள யாரோ படுத்திருக்காங்க," என்றாள். அதன் பிறகு ஆடுகளைக்கூட அந்த வட்டத்துக்குள் விடவில்லை.

இரண்டு வருஷம் கழித்து ரோட்டை அகலப்படுத்தினார்கள். சிறுபாலங்களுக்குக் கல் வேண்டுமென்று கான்டிராக்டர், கல்லுடைக்கும் ஆஞ்சப்பனை அனுப்பினார். அவர் வருவது தெரிந்து, விடியலிலேயே அக்கா ஒன்பது கற்களுக்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துவிட்டாள்.

"கன்னிமாருங்கண்ணா. கை வெச்சிடாதீங்க."

"கன்னிமாரு ஏழு பேருதானம்மா. இங்க ஒம்போது நிக்குது?"

"ரெண்டு பேரு காவலுக்கு."

"காவக்காரனுக்கும் பொட்டு வெச்சிருக்கிற?"

"வெக்கலைன்னா கோவிச்சுக்குவாங்க."

ஆஞ்சப்பன் சிரித்தார். ஆனாலும் உளியைப் பையில் போட்டு, செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் போனார். மஞ்சள் பூசிய கல்லை எங்கள் பக்கம் யாரும் உடைக்க மாட்டார்கள்.

அன்று சோறு போடும்போதே அக்கா நடந்ததையெல்லாம் கணவரிடம் சொல்லிவிட்டாள். மச்சான் புரையேறச் சிரித்தார். பொய் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றார். அந்த வாக்கை அவர் கடைசிவரை காப்பாற்றினார்.

மறுவருஷம் நல்ல மழை. வெள்ளிக்கிழமைகளில் கரட்டில் பொங்கல் வைக்க ஆரம்பித்தார்கள். பக்கத்து நிலம் அவருடையது என்பதால் மச்சான் கற்பூரம் காட்டினார். ஆறு மாதத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை, 'சாமி' என்றார்கள். ஆடியில் ஊர் கூடிக் கோயில் கட்ட முடிவானது. கன்னிமார் வட்டமாக நிற்கக் கூடாது. கிழக்கு பார்த்து வரிசையாக நட வேண்டும். ஏழு போதும். மிச்சம் இரண்டும் படிக்கட்டுக்கு.

அக்கா எழுந்தாள். "அது சாமியில்ல, யாரோ செத்தவங்க சமாதி. கல்லைக் காப்பாத்த நான்தான் பொய் சொன்னேன்."

"பயந்துபோய்ப் பேசறா," என்றார் மச்சான், மெதுவாக. "கன்னிமாரு கனவுல வந்து எடத்தைக் காட்டினதை மொதல்ல எங்கிட்டதான் சொன்னா."

"எந்தக் கனவு மாமா?"

அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. அக்கா என்னைக் காட்டினாள். "காலேஜ் படிச்சவன், என் தம்பி சொல்லட்டும்."

பத்து வயதிலிருந்து அந்த வீட்டில்தான் சாப்பிட்டு வளர்ந்தேன். "பெரியவங்க பார்த்துச் செய்யுங்க," என்றேன்.

நாலு ஜோடி மாடு கட்டிக் கற்களைப் பிடுங்கினார்கள். பலகைக்கல்லுக்கு அடியில் கருப்பும் சிவப்புமான பானைகள், கொஞ்சம் எலும்பு. வரப்பில் கொட்டினார்கள். அக்கா கூடையில் பொறுக்கிக்கொண்டு போய் எங்கோ புதைத்தாள். எங்கே என்று எங்கள் இருவரிடமும் சொல்லவில்லை.

கற்களுக்குக் கண் செதுக்க ஆஞ்சப்பனையே கூப்பிட்டிருந்தார்கள். "காவக்காரங்க ரெண்டு பேரும் படியாயிட்டாங்களேம்மா," என்றாராம்.

"காவல் சரியில்லண்ணா," என்றாளாம் அக்கா.

மூன்று வருஷம் என்னிடம் பேசவில்லை. இந்தப் புரட்டாசியில் காய்ச்சலில் விழுந்தபோதுதான் பேசினாள். "என்னைப் பொதைக்கிற எடத்துல கல்லு நடாதீங்க. அதுக்கும் கண்ணு செதுக்குவாங்க."

அவள் போன பதினாறாம் நாளுக்கு மச்சான் கல்லுக்குச் சொல்லிவிட்டார். 'கன்னிமார் கனவில் வந்து இடம் காட்டிய கெம்பம்மா' என்று அதில் செதுக்க வேண்டியதைக் காகிதத்தில் எழுதி என்னிடம் கொண்டுவந்தார்.

"படிச்சவன் நீ. சரியா இருக்குதான்னு பாரு மாப்ளே."

இரண்டு முறை படித்தேன். சரியாக இருக்கிறது என்று சொல்லிக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.