ஷிக்கமோ இல்லாத கம்பெனி

தார் எஸ் சலாமில் மீன் பெட்டி செய்யும் எங்கள் கம்பெனியில் அசுமினி அம்மா ஸ்டோர் கீப்பர். வயது ஐம்பத்தெட்டு. அவரைவிட மூத்தவர் ஒருவர்தான், வாசல் காவலர் கொம்போ. மற்ற எல்லோரும், டைரக்டர் எராஸ்தோ உட்பட, காலையில் ஸ்டோர் ஜன்னலில் நின்று, மூத்தவர்களுக்குச் சொல்லும் "ஷிக்கமோ" வணக்கத்தைச் சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போவோம். அவர் பதிலுக்கு "மரஹாபா" என்பார். அதோடு விடமாட்டார். வணக்கத்தை வாங்கிக்கொண்டவருக்கு வாய் திறக்கும் உரிமை உண்டு.

"மரஹாபா. நேத்து வாங்கின ஆணி அத்தனையும் துரு, மகனே."

டைரக்டர் போய் ஆணியை மாற்றுவார். இதற்கு நிர்வாகவியலில் என்ன பெயர் என்று எங்களுக்குத் தெரியாமலே இருந்தது.

எராஸ்தோ நைரோபியில் ஒன்பது நாள் தலைமைப் பயிற்சி முடித்து வந்த பிறகு தெரிந்தது. படிநிலை. புதுமைக்கு விஷம்.

"'உங்க காலைப் பிடிக்கிறேன்'னு அர்த்தம் வர்ற வார்த்தைய வச்சுக்கிட்டு யாராவது புதுசா யோசிக்க முடியுமா?" என்று கேட்டார். காலைப் பிடித்துக்கொண்டே மூவாயிரம் பெட்டி செய்தவர்கள் நாங்கள். இனி எல்லோரும் சமம், பெயர் மட்டும். ஷிக்கமோ சொன்னாலும், மரஹாபா என்று பதில் சொன்னாலும் எச்சரிக்கைக் கடிதம். மூன்றாவது கடிதத்தோடு வீடு. கை தட்டினோம்.

முதல் வாரமே அசுமினி அம்மா இரண்டு கடிதம் வாங்கினார். இரண்டும் கொம்போவால். எழுபது வயது மனிதர் எதிரே நின்றால் நாக்கு தானாக ஷிக்கமோவுக்குப் புரள்கிறது. அதற்குப் பிறகு கேட்டைத் தாண்டும்வரை தோளில் போர்த்திய கங்காத் துணியின் முனையைப் பல்லில் கவ்விக்கொண்டு வந்தார். அந்த வயதில் இன்னொரு ஸ்டோர் கிடைக்காது. வீட்டில் அவரை நம்பி மூன்று பேர்.

இந்தச் சமயத்தில்தான் புதிய பெட்டி தயாரானது. மூடியில் பளபளவென்று ஒரு திருகுத் தாழ், எராஸ்தோவே வரைந்தது. ஈரக் கையால் அதைத் திறக்க முடியாது என்பது செய்த எல்லோருக்கும் தெரியும். மீன்காரர்களுக்கு வேறு கை கிடையாது. மறுநாள் சந்தையில் அவர்களிடம் காட்டியாக வேண்டும்.

டைரக்டர் எங்களை வட்டமாக நிற்கவைத்தார். "குறை இருந்தா தயங்காம சொல்லுங்க. இங்க நான் பாஸ் இல்ல, வெறும் எராஸ்தோ."

"கலர் பிரமாதம், எராஸ்தோ," என்றார் வெல்டர். மற்றவர்களும் கலரையே பாராட்டினோம்.

பெட்டியை எடுத்துக்கொண்டு அவர் ஸ்டோர் ஜன்னலுக்கு வந்தார். "மாம்போ, அசுமினி. நீங்க ஒண்ணுமே சொல்லலியே?"

"மாம்போங்கறது சேக்காளிங்க பேச்சு. சேக்காளி கிட்ட குறை சொன்னா சண்டைதான் வரும்."

"அப்ப குறை இருக்கா?"

"இருக்கு. கேக்கற விதமா கேளு."

"நான் அந்த வார்த்தைய சொன்னா நீங்க பதில் சொல்லணும். உங்களுக்கு அது மூணாவது கடிதம்."

"எண்ணத் தெரியும்." ஸ்டோர் சாவிக்கொத்தை ஜன்னல் கட்டையில் வைத்தார்.

எராஸ்தோ சாவியைப் பார்த்தார். பிறகு, பயிற்சியில் சொல்லித்தராத தாழ்ந்த குரலில், "ஷிக்கமோ" என்றார்.

"மரஹாபா. கையை நீட்டு." உள்ளங்கையில் சோப்புத் தண்ணீரை ஊற்றினார். "இப்ப திற."

தலைமை நான்கு முறை திருகியது. தாழ் அசையவில்லை.

"உங்கம்மா மீன் கழுவி நீ பாத்ததே இல்லையா?"

"எங்க ஊரு மலை, அம்மா."

அன்று மாலையே தாழைக் கழற்றிக் கயிற்று வளையம் மாட்டினோம். சனிக்கிழமை மீன்காரர்கள் பேச்சை நிறுத்தாமல் ஒற்றை விரலால் திறந்தார்கள்.

விதி விதிதான். திங்கட்கிழமை காலை டைரக்டர், தமக்கு ஒன்றும் அவருக்கு ஒன்றுமாக இரண்டு எச்சரிக்கைக் கடிதம் எழுத, ஸ்டோரில் தாள் கேட்டு வந்தார். ஜன்னலில் நின்றதும் பழக்கத்தில் வாய் முந்திக்கொண்டது.

"ஷிக்கமோ."

"மரஹாபா," என்றார் அசுமினி அம்மா. முதுகுக்குப் பின்னால் அலமாரி நிறையத் தாள் இருந்தது. "தாள் தீந்துபோச்சு, மகனே. நாளைக்கு வா."

மறுநாளும் வந்தார். இன்னும் வருகிறார். தாள்தான் வந்தபாடில்லை.