மைனியின் பேஸ் கிட்டார்

குற்றாலத்தில் சாரல் விழா மேடைக்கு முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் பதறி எழுந்து, "அந்தப் பிள்ளைக்கு மயக்கம் வருது போல, யாராவது பிடிங்கய்யா" என்று சொன்னது எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. அவர் காட்டிய பிள்ளை என் அண்ணன் மனைவி. எங்கள் பக்கத்து வழக்கப்படி எனக்கு மைனி. தோளில் தொங்கிய பேஸ் கிட்டாரைத் தூக்கி நிறுத்தி, அதன் உடலின் மேல்பக்கம் வளைந்து நீண்டிருக்கும் கொம்பில் தாடையைப் பதித்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தார். மயக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அருவியில் நல்ல வெள்ளம். அருவியின் இரைச்சலும் பேஸ் கிட்டாரின் குரலும் ஒரே அடித்தொண்டை. கம்பியைத் தட்டினால் எது கம்பி, எது அருவி என்று யாராலும் பிரிக்க முடியாது. மரத்தில் தாடையை வைத்துவிட்டால் சத்தம் காதைத் தேடி அலையாமல் எலும்பு வழியாக நேரே உள்ளே வந்துவிடும். இதை மைனிக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சிறுவயதில் சர்ச் பாடகர் குழுவில் கிட்டார் வாசித்தபோது, சர்ச் மணி அடிக்கிற நேரத்தில் தானே கண்டுபிடித்ததாகச் சொல்வார்.

அந்த பேஸ் கிட்டார் எங்கள் மெல்லிசைக் குழுவுக்கு வந்தது கடையநல்லூர் வழியாக. குழுவை நடத்தியது அண்ணன். அவருடைய கடையநல்லூர்ச் சிநேகிதர் ஒருவர் வளைகுடாவில் ஒரு ஹோட்டலில் வேலை பார்த்தார். அந்த ஹோட்டலில் வாசித்துக்கொண்டிருந்த பிலிப்பைன்ஸ்காரர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனதை வாங்கி, விடுமுறைக்கு வரும்போது கொண்டுவந்தார். அமெரிக்காவில் செய்தது. அப்போதே பழசு. பழைய சாமானை விமானத்தில் ஏற்றிக் கொண்டுவருகிற கிறுக்கன் உண்டா என்று எங்கள் அம்மா கேட்டார். வாசிக்க இருந்த ஆளோ, விழாவுக்கு முந்தின வாரம் சென்னையில் வாய்ப்பு கிடைத்துவிட்டது என்று பெட்டியைக் கட்டினார். அண்ணன் வேறு வழியில்லாமல், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத தன் மனைவியிடம் போய் நின்றார். உனக்கு ஆறு கம்பி கிட்டாரே வரும், இதில் நாலு கம்பிதானே என்பது அவருடைய வாதம். அந்த வாதத்தை மைனி அண்ணன் இருந்தவரைக்கும் சொல்லிக் காட்டிக்கொண்டே இருந்தார். "நாலு கம்பிதானன்னு சொல்லியே என் தோள்பட்டைய வாங்கிட்டாவ ஒங்கண்ணன்." அது பொய்யில்லை. கிட்டார் அவ்வளவு கனம். ஒரு கச்சேரி முழுக்க மாட்டி நின்றால் மறுநாள் தண்ணீர்க் குடம் எடுக்க முடியாது.

நான் டிரம்ஸ் வாசித்தேன். எனக்கு எதையும் அடித்துத்தான் சொல்லத் தெரியும் என்று வீட்டில் கேலி செய்வார்கள். டிரம்ஸும் பேஸும் மேடையில் புருஷன் பெண்டாட்டி மாதிரி இருக்க வேண்டும் என்று இசைக்காரர்கள் சொல்வதுண்டு. எங்களுக்கு அது கொழுந்தனும் மைனியுமாக வாய்த்தது, அதனால் சண்டை குறைவு. பெரிய டிரம்மில் என் வலது கால் இறங்குகிற அதே இடத்தில் அவர் விரல் இறங்க வேண்டும். அவர் என் முகத்தைப் பார்க்கவே மாட்டார், காலைத்தான் பார்ப்பார். பாடகர் வரியை மறந்தாலும், அண்ணன் கீபோர்டில் தப்புக்கட்டையை அழுத்தினாலும் நாங்கள் இரண்டு பேரும் நிற்காமல் போய்க்கொண்டிருப்போம். கல்யாண வீடுகளில் சாப்பிட்டு முடித்துக் கைகழுவ வருகிறவர்கள் பாட்டு நல்லா இருந்தது என்பார்கள், டிரம்ஸ் பிரமாதம் என்றுகூடச் சொல்வார்கள். பேஸ் நன்றாக இருந்தது என்று ஒரு ஆத்மா சொல்லி நான் கேட்டதில்லை. அதில் எனக்கு வந்த கோபம்கூட மைனிக்கு வந்ததில்லை.

சாரல் தொடங்கிவிட்டால் தென்காசியில் துணி காயாது, கதவு சாத்தாது, உப்பு ஜாடியில் தண்ணீர் விடும். குழுவில் இருந்த மற்ற கிட்டார்களின் கழுத்து அந்த மாதங்களில் வில்லாக வளைந்து, கம்பி எட்டாத உயரத்துக்குப் போய்விடும். இந்த அமெரிக்கக் கிட்டார் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. பல வருஷம் காயப்போட்ட மரத்தில் செய்த கழுத்து. அதற்குள் வளையாமல் தாங்க ஓர் இரும்புத்தண்டு. கழுத்தை உடலோடு பசை வைத்து ஒட்டாமல் நாலே திருகாணிகளால் முடுக்கியிருந்தார்கள். பழுதானால் கழற்றிப் பார்க்கலாம் என்றுதான் அப்படி. கழற்ற வேண்டிய நாள் வரவே இல்லை. நனைந்த மேடை, லாரியின் பின்பக்கம், புளியறைக்கு அந்தப் பக்கம் கேரளத்துத் திருவிழாக்கள் என்று எங்களோடு எல்லா இடத்துக்கும் வந்தது. எங்களில் பலபேருக்கு முதுகு போனது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

நம் ஊரில் ஒரு சாமான் இத்தனை வருஷம் மாறாமல் இருப்பது லேசான காரியமில்லை. பச்சை பெயிண்ட் அடிக்காவிட்டால் நமக்குக் கை அரிக்கும். அண்ணனுக்கும் அரித்தது. பேருந்துகளுக்கு வண்ணம் அடிக்கிறவரிடம் கொடுத்து, சிவப்படித்து, குழுவின் பெயரை மஞ்சளில் எழுதிவிடலாம் என்று ஆசைப்பட்டார். மைனி சத்தம் போடவில்லை. பெயிண்ட் அடித்தால் அடுத்த கச்சேரிக்கு அந்தப் பெயிண்டரையே வாசிக்கக் கூட்டிப்போகும்படி மட்டும் சொன்னார். அதோடு அண்ணன் வேறு வேலை பார்க்கப் போனார். கம்பிகளின் அடிமுனையை மறைக்கப் பளபளப்பான இரும்பு மூடி ஒன்று உண்டு. வாசிக்கும்போது கைக்கு இடைஞ்சல் என்று மைனி அதைக் கழற்றி வைக்க, அண்ணன் சாம்பல் தட்ட எடுத்துக்கொண்டார். புதுக்கம்பிக்குத் தென்காசியில் எங்கே போவது? சத்தம் மங்கும்போதெல்லாம் மைனி பழைய கம்பியைக் கழற்றி இட்லிச் சட்டியில் வேகவைப்பார். அழுக்கு இளகி, கம்பி திரும்பப் பேச ஆரம்பிக்கும். அந்த வாரம் இட்லியில் இரும்புச்சத்து கூடுதல் என்று அண்ணன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார்.

அண்ணன் போய்ச் சேர்ந்த பிறகு குழு கலைந்தது. ஒலிபெருக்கிகளை விற்றோம். மைனியின் காது அதற்கு முன்பே மந்தப்பட ஆரம்பித்திருந்தது. முதலில் கீச்சுச் சத்தங்கள் போயின. குக்கர் விசில், போன் மணி, வாசலில் கீரைக்காரி. பிறகு பேச்சு. இப்போது எதிரே நின்று வாயசைவைக் காட்டினால்தான் புரிந்துகொள்கிறார். தெருக்காரர்கள் பாவம் என்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். மத்தியானம் சாப்பிட்டு முடித்து, கதவைச் சாத்திக்கொண்டு, மைனி கட்டிலுக்கடியிலிருந்து கிட்டாரை எடுப்பார். ஒலிபெருக்கி கிடையாது. மடியில் நிறுத்தி, கொம்பில் தாடையை வைத்து, பழைய கச்சேரிப் பாட்டுகளை ஒவ்வொன்றாக வாசிப்பார். உலகத்தில் அவருக்கு முழுசாகக் கேட்கிற சத்தம் அது ஒன்றுதான். முதல் தடவை நான் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. அவருக்கு வரவில்லை. நான் இரண்டாவது பாட்டில் காலைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பெங்களூரில் இருக்கிற அவருடைய மகனுக்கு இது தெரியாது. பிள்ளை பயந்துவிடுவான் என்று, காது எவ்வளவு மோசம் என்பதையே பாதிதான் சொல்லியிருந்தார். மீதியை டாக்டர் சொல்லிவிட்டார். நல்ல பையன் அவன், தங்கமான பிள்ளை, அதுதான் தொல்லையே. உயர்ந்த காது மிஷின் ஒன்று இருக்கிறது, அம்மாவுக்கு அதைத்தான் வாங்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். வீட்டுக்கடன் கழுத்தை நெரிக்கிற நேரம். அப்போது இணையத்தில் எதையோ தேடப்போய், அம்மாவின் கட்டிலுக்கடியில் கிடக்கிற கிட்டார் மாதிரி ஒன்று ஒரு நல்ல காரின் விலைக்குப் போயிருப்பதைப் பார்த்துவிட்டான். காது கேட்காத அம்மாவுக்குக் கிட்டார் எதற்கு, அதை விற்றுக் காதை வாங்கிவிடலாம் என்று அவன் கணக்குப் போட்டது நியாயம்தான். பரிசோதனைக்காகக் கொடுத்த மிஷினை மைனி ஒரு வாரம் மாட்டிப் பார்த்திருந்தார். பேச்சு கொஞ்சம் வந்தது, தட்டு விழுகிற சத்தம் மண்டையில் ஆணி அடித்தது. கிட்டாரின் அடிக்குரல் அதில் வரவேயில்லை. இதை மகனிடம் சொல்லுங்கள் என்று நான் கையில் எழுதிக் காட்டாத குறையாகக் கெஞ்சினேன்.

"சொல்லப்படாது தம்பி. புள்ள ஆசையா செய்யுதான். முத முதல்ல எனக்குன்னு ஒண்ணு செய்யுதான். நீ வாயத் தொறக்கமாட்டேன்னு எனக்கு வாக்குக் குடு" என்றார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. இந்த அம்மாக்களே இப்படித்தான், கேட்டால் கொடுத்துவிட்டு மூலையில் உட்கார்ந்துகொள்வார்கள். ஆனாலும் வாக்குக் கொடுத்தேன். மைனி கேட்டு நான் மாட்டேன் என்றது கிடையாது.

கிட்டாரைப் பார்க்க வந்தவர் கொச்சிக்காரர். பழைய கிட்டார்களைச் சேர்த்து வைக்கிறவர். மழையில் புளியறைச் சோதனைச் சாவடியில் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, வந்து சேரப் பிற்பகலாகிவிட்டது. வில்லன் மாதிரி ஒருவர் வருவார், இரண்டு வார்த்தை சூடாகக் கேட்கலாம் என்று நான் தயாராக இருந்தேன். வந்தவரோ செருப்பை வாசலில் விட்டு, கையை ஈரம்போகத் துடைத்துக்கொண்டுதான் கிட்டாரைத் தொட்டார். அனுமதி கேட்டுக்கொண்டு நாலு திருகாணியையும் கழற்றி, கழுத்தைப் பிரித்தார். கழுத்தின் அடியில் யாரோ ஒரு தொழிலாளி பென்சிலால் எழுதிய தேதி அப்படியே இருந்தது. உள்ளே ஒயர்களில் பற்றவைத்த ஈயத்தை லென்ஸ் வைத்துப் பார்த்து, ஒரு கையும் படவில்லை என்று தலையாட்டினார். சேகரிப்பவர்கள் தேடுவது அதைத்தானாம். மேலே எத்தனை கீறல் இருந்தாலும் பாதகமில்லை, வாசித்த கையின் தேய்மானத்துக்கு மதிப்புத்தான். ஆனால் ஒரு திருகாணி மாறியிருந்தாலும், வார்னிஷ் புதிதாக அடித்திருந்தாலும் விலை பாதியாகிவிடும். அந்த இரும்பு மூடியைப் பற்றிக் கேட்டார். பரணில் பழைய ஆணிகளைப் போட்டு வைத்திருந்த அதை நான் எடுத்து வந்து கொடுத்ததும், அண்ணனின் சாம்பல் கறையைப் பார்த்துச் சிரித்துவிட்டார். பாதிப்பேர் இதைச் சாம்பல் தட்டத்தான் வைத்துக்கொண்டார்கள் என்றார். இட்லிச் சட்டிக் கதையைச் சொன்னபோது இன்னும் கூடுதலாகச் சிரித்தார். எனக்கு அவர்மேல் கோபப்பட ஒன்றும் கிடைக்கவில்லை. ஏசி அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள், ஈரம் அளக்கிற கருவியோடு வைப்பேன், இனி இதற்கு ஒரு குறையும் வராது என்று மகனிடம் சொன்னார். மைனி அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டு, காப்பி டம்ளரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

கழுத்தைத் திரும்பப் பூட்டி, கம்பிகளை முறுக்கிச் சுருதி சேர்த்து, விலையும் பேசி முடித்த பிறகுதான் கொச்சிக்காரரின் கண் மேல்கொம்பில் நின்றது. அங்கே ஓர் எலுமிச்சம்பழ அளவுக்கு வார்னிஷ் போய், மரம் வழவழவென்று இருந்தது. "இங்க கை வராதே, எப்படித் தேய்ஞ்சுது?" என்றார். எங்கேயாவது உரசியிருக்கும் என்றான் மகன். அவர் கட்டைவிரலால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு கிட்டாரை நிறுத்தி, தன் தாடையை அதில் வைத்துப் பார்த்தார். சரியாகப் பொருந்தியது. அவரும் இளவயதில் வாசித்தவர்தான் போலிருக்கிறது. மைனியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எழுந்துபோய் கிட்டாரை அவர் மடியில் வைத்தார்.

மைனி என்னைப் பார்த்தார், வாசிக்கவில்லை. வாயைத் திறக்கமாட்டேன் என்றுதான் நான் வாக்குக் கொடுத்திருந்தேன். காலைப் பற்றிப் பேச்சே இல்லை. தரையில் நாலு தட்டுத் தட்டிக் கணக்குக் கொடுத்தேன், குற்றாலம் மேடையில் கொடுத்த மாதிரியே. மைனியின் கண் என் காலுக்கு இறங்கியது. தாடை கொம்புக்குப் போனது. விரல் சரியான இடத்தில் இறங்கியது. ஒரு பாட்டு முழுக்க, ஓர் இடத்திலும் பிசகாமல் என் காலோடு வந்தார். எங்களுக்கெல்லாம் கம்பி தட்டுகிற சின்னச் சத்தம்தான் கேட்டது. அவர் முகத்தில் மட்டும் கச்சேரி நடந்துகொண்டிருந்தது.

"அம்மாவுக்கு இது கேக்குதா சித்தப்பா?" என்றான் மகன்.

"ஒங்கம்மாட்டயே கேளுலே" என்றேன்.

அவன் போய் முன்னால் மண்டியிட்டு, வாயை நன்றாகத் திறந்து அதையே கேட்டான். மைனி அவன் தலையைப் பிடித்து இழுத்து, அவன் தாடையைக் கொம்பின்மேல் வைத்து அழுத்திக்கொண்டு, அடிக்கம்பியிலிருந்து தொடங்கி மெதுவாக வாசித்தார். அவன் கண் விரிந்தது, பிறகு தானாக மூடிக்கொண்டது. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. மைனி ஒரு கையால் அதைத் துடைத்துவிட்டார்.

"ஒனக்கு இது என்னலே புதுசா? நீ வயித்துல கெடக்கும்போது எட்டு மாசம் வரைக்கும் மேடையேறுனேன். அன்னைக்கு நீயும் இப்படித்தான கேட்டுக்கிட்டுக் கெடந்த."

அவன் தலையை எடுக்கவே இல்லை. கொச்சிக்காரர் திருப்புளிகளைத் துணிப்பையில் போட்டுச் சுருட்டிக்கொண்டார், விலையைப் பற்றி யாரும் திரும்பப் பேசவில்லை. காது மிஷினை அவன் தவணையில் வாங்கிக் கொடுத்திருக்கிறான். அவன் போனில் பேசும்போதும், ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்துக்கும் மைனி அதை மாட்டிக்கொள்கிறார். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கழற்றி வைத்துவிடுகிறார். அந்த நேரத்துக்கு நான் போய் உட்கார்ந்தால், வா என்றுகூடச் சொல்லாமல் என் காலைத்தான் பார்க்கிறார்.